இருபது கிலோப் பெட்டிக்கு ஒரு பதிவு

டெஸ்கர் ரோட்டில் பார்சல் கடை.
நாச்சியா அக்கா கேட்டது இவ்வளவுதான்:
"தீபாவளிக்கு முந்தி பெட்டியெல்லாம் கப்பல் ஏறணும்.
ஃபேஸ்புக்கில ஏதாச்சும் போடு.
பதிவுக்குப் பதினஞ்சு வெள்ளி."

ஈசூனில், பதினோராம் மாடியில்,
துணி காயும் மூங்கில் கம்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
எந்திரத்திடம் சொன்னேன்:
பார்சல் கடைக்கு ஒரு விளம்பரம் எழுது.

எழுதியது.
'கடல் கடந்து உறவுகளை இணைக்கும்
நம்பிக்கையின் பாலம்.'
ஓரத்தில் மூன்று நெருப்பு, ஒரு ராக்கெட்.
எங்கள் பெட்டி கப்பலில் போகிறது.

இரண்டாம் முறை கொஞ்சம் கற்றிருந்தேன்.
நீங்கள் அனுபவம் மிக்க விளம்பர எழுத்தாளர்
என்று தொடங்கினேன்.
யாரிடமும் நான் இவ்வளவு மரியாதையாகப்
பொய் சொன்னதில்லை.
எண்பது சொல்லுக்குள். பேச்சுத் தமிழில்.
பாலம் வேண்டாம்.
வந்தது:
'ஹாய் மக்களே! வேற லெவல் ஆஃபர்!'
மேடையிலிருந்து இறங்கி
நேராக எம்ஆர்டியில் ஏறி
எல்லார் தோளிலும் கைபோடுகிற தமிழ்.

மூன்றாம் முறை அதுவே கேட்டது:
'இதைப் படிக்கப் போகிறவர் யார்?'
வெளிநாட்டு ஊழியர்கள், என்று தட்டினேன்.
தட்டிய பிறகுதான் உறுத்தியது.
அந்தப் பெயரில்
யாரும் பெட்டி கட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன்.
தராசுக்குப் பக்கத்தில்
கவிழ்த்துப் போட்ட பிஸ்கட் டின்மேல் உட்கார்ந்து
காதில் விழுந்ததையெல்லாம் கைப்பேசியில் குறித்தேன்.

துவாஸிலிருந்து வந்தவர்: பெட்டி நனையுமா?
சட்டைப்பையில் வெல்டிங் கண்ணாடியோடு இன்னொருவர்:
டிவி உடைஞ்சா யாரு பொறுப்பு?
ஒருவர் எதுவும் கேட்கவில்லை.
மைலோ, கோடாலித் தைலம், சோப்பு ஒரு டஜன்,
இளஞ்சிவப்பில் பள்ளிக்கூடப் பை,
தம்பிக்கு ஷூ.
தராசு இருபது கிலோ நானூறு என்றது.
எதை எடுப்பதென்று
இரண்டு பேருந்து கடந்துபோகும் நேரம்
பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.
ஷூவை எடுத்தார்.
அக்கா அதை வாங்கித் திரும்ப உள்ளே திணித்தார்.
"நானூறு கிராம்ல கப்பல் முங்கிடாது."

அன்றிரவு என் கட்டளை நீண்டது.

படிப்பவர் வேலை முடிந்து
லாரியின் பின்னால் உட்கார்ந்து படிக்கிறார்.
ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்.
அதனால் முதல் வரியிலேயே தேதி வேண்டும்.
செப்டம்பர் இருபதுக்குள் கொடுத்தால்
தீபாவளிக்கு முந்தி வீட்டில் இருக்கும்.
அதற்குப் பிறகு என்றால் பிந்தும். இதை மறைக்காதே.
உள்ளே பிளாஸ்டிக் உறை போடுகிறோம், நனையாது.
டிவிக்கு மரச்சட்டம், இருபது வெள்ளி கூடுதல்.
உடைந்தால் பாதிப் பணம் திரும்ப வரும்.
முழுப் பணம் என்று எழுதிவிடாதே,
அக்கா என்னைக் கொன்றுவிடுவார்.
கொஞ்சம் எடை கூடினால்
எதையும் வெளியே எடுக்க வேண்டாம். கேளுங்கள்.

அனுப்பப் போகுமுன் ஒருமுறை படித்தேன்.
கடைசிச் சொல்லில் நான் எந்திரத்தோடு பேசவில்லை.
எப்போது திரும்பினேன் அவர்கள் பக்கம்?
மறுபடி மேலிருந்து படித்தேன்.
எந்திரத்துக்கு இதில் என்ன வேலை மிச்சம்?

லாரியை எடுத்தேன், கம்பியை எடுத்தேன்,
மறைக்காதேயை எடுத்தேன்,
அக்கா என்னைக் கொல்வதையும் எடுத்தேன்.
எழுத்துப்பிழை மட்டும் பார் என்று கொடுத்தேன்.
ஒன்று இருந்தது, மரச்சட்டத்தில்.
நன்றி சொல்லிவிட்டுப்
பதிவிட்டேன்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு முதல் பின்னூட்டம்:
'சைக்கிள் போகுமா?'

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அனுப்பினேன்.
அவரும் தூங்கியிருக்கவில்லை.
'போகும். பெடலைக் கழட்டிட்டு
வரச் சொல்லு.'